பின்வளவுத் தடாகமும் பனிக்காலமும்

நிலத்தைத் தோண்டாமல் தரைமேல் நிறுத்தும் நீச்சல் தடாகத்தின் கதையைத் தோல் கடையிலிருந்துதான் தொடங்கவேண்டும். 1932இல் அமெரிக்காவின் கொனெக்ரிகட் மாநிலத்தில், ஹாட்போர்ட் நகரில், மொரிஸ் கிரீன்பேர்க் என்ற ரஷ்யக் குடியேறி ஒருவர் சப்பாத்துத் தைப்பவர்களுக்குத் தோல் விற்க ஆரம்பித்தார். கொனெக்ரிகட் லெதர் கொம்பனி என்பது கடையின் பெயர். ஐம்பதுகளில் சிறுவர்கள் வீட்டிலிருந்து செய்யும் தோல்வேலைப் பெட்டிகளை விற்றார்கள். பிறகு பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி அச்சில் இழுக்கும் இயந்திரம் ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. அதில் குழந்தைகள் கால் நனைக்கும் சிறு தொட்டிகளைச் செய்தார்கள். 1961இல் தோலை அடியோடு கைவிட்டு, பெயரைக் கொலெகோ என்று சுருக்கிக்கொண்டார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன் உலகிலேயே அதிகமாகத் தரைமேல் தடாகம் செய்யும் நிறுவனம் அதுதான். 1968இல் மொன்றியலின் ஈகிள் ரோய்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கம்பனியையும் வாங்கினார்கள். தடாகம் கோடையில் மட்டுமே விற்கும் என்பதாலோ என்னவோ, எழுபதுகளின் தொடக்கத்தில் பனியில் ஓடும் வண்டிகளையும் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். வீடியோ விளையாட்டு, முட்டைக்கோஸ் பொம்மை என்று பின்னால் பெரும் புகழ் பெற்ற கொலெகோவும் இதே கொலெகோதான். 1988இல் வங்குரோத்து.

நான் இந்தத் தொழிலின் மறுமுனையில் நின்றவன். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலர் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், சிலர் தையல் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நகரின் கோத்-தெ-நேஜ் பகுதியில் என்னோடு அறையில் இருந்தவர் சொல்லி, நான் தடாகம் திறந்து மூடும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். மே மாதத்தில் திறப்பு, செப்டெம்பரில் தொடங்கி ஒக்டோபர் கடைசிவரை மூடல். திறப்புக்கு ஆட்கள் அடிபட்டுக்கொண்டு வருவார்கள். வெயில் இருக்கும், வீட்டுக்காரர் குளிர்ந்த பியர் தருவார், போகும்போது கையில் ஏதாவது வைப்பார். மூடலுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கையை முழங்கைவரை குளிர்ந்த நீருக்குள் விட்டு ஒரு பிளாஸ்ரிக் மரையைக் கழற்றிக்கொண்டு நிற்பது இலையுதிர்காலத்தில் யாரும் ஆசைப்படும் வேலை அல்ல. அதனால் புதிதாக வந்தவர்களுக்கு அது இலகுவில் கிடைத்தது.

தடாகங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யூலை மாதத்தைத்தான் எழுதுகிறார்கள். யார் குளித்தார்கள், யாரைக் குளிக்கவிடவில்லை, என்ன உடுப்பு அணிந்தார்கள் என்பதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. ஒக்டோபரை யாரும் எழுதுவதில்லை. ஆனால் இந்தத் தடாகத்தின் அளவு, மதில், விலை, வாங்குகிறவரின் வகுப்பு எல்லாவற்றிலும் ஒக்டோபருக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். குளிர்காலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் மாறும்போதெல்லாம் தடாகமும் மாறியிருக்கிறது.

முதல் பதில், மடித்து வைப்பது. மடிப்பதற்கு முதலில் வினைல் வரவேண்டியிருந்தது. அதற்கு முன்னர் இருந்த பணக்காரர் வீட்டுத் தடாகம் சீமெந்தால் ஆனது. அதை மலிவாக்கியவர், தற்செயலாக, செத்த விலங்குகளைப் பாடம்பண்ணுகிற ஒருவர்: சிக்காகோ அருங்காட்சியகத்தில் வேலைசெய்த கார்ல் ஏக்லி. கட்டடச் சுவருக்குச் சாந்தைப் பீய்ச்சி அடிக்க அவர் கண்டுபிடித்த கருவிக்கு 1911இல் உரிமம் கிடைத்தது. பிற்காலத்தில் கலிபோர்னியாவில் குழி தோண்டி, கம்பி கட்டி, அந்தக் கருவியால் சாந்தடித்துத் தடாகங்களைக் கட்டித் தள்ளினார்கள். ஆனால் எவ்வளவு மலிந்தாலும் தொழிலாளி வீட்டுக்கு அது எட்டவில்லை. தொழிலாளிக்கு எட்டியது வினைல். 1926இல் ஓகையோவின் அக்ரன் நகரில், குட்ரிச் ரயர் கம்பனியின் வோல்டோ செமன், றப்பரை இரும்போடு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை, அந்தத் தேடலில் விறைத்த பிவிசியை வளைந்து கொடுக்க வைக்கும் வழி கிடைத்தது. நீர் புகாத, தைக்கத் தேவையில்லாத, வெப்பத்தால் ஒட்டக்கூடிய தாள். உலகப்போர் முடிந்தபின் அது வீட்டுச் சாமான்களுக்குள் புகுந்தது.

நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் வந்த முதல் தரைமேல் தடாகங்கள் சின்னவை. ஒரு சட்டம், அதற்குள் ஒரு வினைல் பை, அவ்வளவுதான். டோபாய் என்ற பெயர்ப் பட்டை அவ்வளவு பரவியதால் அமெரிக்காவின் பல ஊர்களில் யார் செய்த தடாகத்தையும் டோபாய் என்றே சொல்லுவார்கள். அதற்கு முன்னரே பண்ணைப் பிள்ளைகள் மாடு தண்ணீர் குடிக்கும் நாகத் தகட்டுத் தொட்டிகளில் இறங்கிக் குளித்தவர்கள்தான். இந்தச் சின்னத் தடாகங்களுக்குக் குளிர்காலம் ஒரு பிரச்சினையே இல்லை. பாடசாலை திறக்கும் வாரத்தில் தண்ணீரைப் புல்லில் விட்டு, பையை உலர்த்தி, மடித்து, நிலவறையில் வைத்தார்கள். எங்கள் முதலாளி கியூபெக் பிரெஞ்சுக்காரர். அவருடைய தகப்பன், சுருட்டிய வினைலை மகனின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவாராம். குளிர்காலம் முழுக்க அதன் வாசம் அறையில் இருந்தது என்று அவர் சொல்லுவார்.

பிறகு ஏன் தடாகம் பெருத்தது? அமெரிக்காவில் இதற்கு ஒரு கறுத்த காரணமும் இருந்தது. ஜெஃப் வில்ற்சி என்ற வரலாற்றாசிரியர் 2007இல் வெளியிட்ட நூல் அதை விரிவாகச் சொல்கிறது. 1949 யூன் 21ஆம் திகதி சென்ற் லூயிஸ் நகரின் ஃபெயர்கிறவுண்ட் பூங்காத் தடாகத்தில் கறுப்பினச் சிறுவர்களையும் இறங்கவிட்டார்கள். அன்றே வெள்ளையர் கும்பலாகத் திரண்டு கறுப்பினத்தவரை அடித்தார்கள். உடனேயே நகரம் பழைய பாகுபாட்டுக்குத் திரும்பியது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், சேர்ந்து குளிக்கவேண்டி வருமென்று கண்டதும் நகரத் தடாகங்களையே மூடியது. அப்படி மூடியது அரசியலமைப்புக்கு மாறானதல்ல என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது. பொதுத் தடாகத்தைக் கைவிட்ட வெள்ளைக் குடும்பங்கள் பின்வளவில் சொந்தத் தடாகம் வைத்தன. போதாக்குறைக்கு இளம்பிள்ளைவாதப் பயம்: 1955இல் சோல்க்கின் தடுப்பூசி வரும்வரை ஒவ்வொரு கோடையிலும் தாய்மார் பொதுத் தடாகத்தைக் கண்டு நடுங்கினார்கள். நீல வட்டத்துக்குள் பிள்ளைகள் சிரிக்கும் பழைய விளம்பரப் படங்களைப் பார்க்கும்போது, வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் நான் நினைக்கத் தவறுவதில்லை.

மொன்றியலின் கதை வேறு. இங்கே நகரத்தின் கிழக்குப் பக்கத் தொழிலாளர் வீடுகள் பலவற்றில் குளியலறையே இருக்கவில்லை. அதற்காகத்தான் பொதுக் குளியலகங்களைக் கட்டினார்கள். மெசொன்னவ் பகுதியில் 1916இல் திறந்த மோர்கன் குளியலகம் இன்னும் நிற்கிறது; கிரேக்கக் கோயில் என்று நினைக்கவைக்கும் முகப்பு. 1927இல் திறந்த ஜெனெரோ குளியலகம் இப்போது தொழிலாளர் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகம். அந்தக் கிழக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் போருக்குப் பிறகு கார் வாங்கினார்கள். 1962இல் சம்ப்ளேன் பாலம் திறந்தது. 1965இல் இயேசுத் தீவின் பதினான்கு ஊர்களைச் சேர்த்து லவால் என்று ஒரே நகராக்கினார்கள். லவாலிலும் ஆற்றுக்குத் தெற்கே லோங்கேயிலும் புரோசாரிலும் ஒரு மாடி வீடும் ஒரு துண்டுப் பின்வளவும் தொழிலாளிக்கு எட்டியது. எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டடத் தொழிலாளர் எல்லோருக்கும் யூலைக் கடைசியில் இரண்டு வாரம் ஒன்றாக விடுமுறை என்று சட்டம் வந்தது. மாகாணத்தில் ஏராளமானோர் ஒரே நேரத்தில் வீட்டில் நிற்பார்கள். வெப்பம் முப்பதைத் தாண்டும். எல்லோரிடமும் கடற்கரைக்குப் போகக் காசில்லை. பின்வளவில் தண்ணீர் இருந்தால் போதும்.

இன்று கியூபெக்கில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுத் தடாகங்கள் இருக்கின்றன. மாதக்கணக்கில் பனி மூடுகிற நாட்டுக்கு இது பெரிய தொகை. அதிலும் தரைமேல் தடாகங்களே எங்கும் கண்ணில் படும். விலை ஒரு காரணம், மண் இன்னொன்று. மொன்றியலைச் சுற்றியுள்ள சமவெளி, பனியுகம் முடிந்தபோது உள்ளே வந்து நின்ற சம்ப்ளேன் கடலின் அடித்தளம். அது விட்டுப்போன களிமண் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உறையும்போது வீங்கி எழும். நாலடிக்கும் கீழே உறைவு இறங்கும் அந்த மண்ணில் சீமெந்துத் தொட்டியைப் புதைப்பவர் நிறையக் காசை இறைக்கவேண்டும். கல்தூளைப் பரப்பி மட்டம் பார்த்து, அதன்மேல் வட்டமாக ஒரு தகட்டு மதிலை நிறுத்துவது எவ்வளவோ மலிவு. ஒரு சனி ஞாயிறில் மைத்துனர்மாரைக் கூட்டிவந்து செய்துவிடலாம். வேலை முடிய ஒரு பெட்டி பியர்.

இப்படி வந்த தடாகம் பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்துநான்கு அடி விட்டம் கொண்டது. இருபத்துநான்கு அடித் தடாகத்தில் நாலடி நீர் நின்றால் அது ஏறக்குறைய 50,000 லீற்றர். ஐம்பது தொன் எடை. இதைச் சுற்றிப் பிடித்து வைத்திருப்பது ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத உருக்குத் தகடு. வட்டமாக இருப்பதால் நீர் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வெளியே தள்ள, தகடு இறுகி நிற்கிறது. தகட்டின் இரண்டு முனையும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஆணி வரிசை இருக்கும். நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தச் சந்தியில் இழுக்கும் விசை ஏறக்குறைய இரண்டரைத் தொன். அந்த ஆணிகளில் துரு தெரிந்தால் முதலாளி வேறெதையும் பார்க்கமாட்டார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தன் கட்டைவிரல் நகத்தால் துருவைச் சுரண்டிக் காட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

இவ்வளவு பெரியதை மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ள முடியாது. எனவே குளிர்காலத்துக்கான இரண்டாவது பதில் பிறந்தது: தண்ணீரோடு அப்படியே விடுவது. புதிதாக வருகிறவருக்கு இதைப்போல் மூளையில் ஏறாத விடயம் வேறில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆட்கள் புரோசாரில் வீடு வாங்கத் தொடங்கினார்கள். வீட்டோடு பழைய தடாகமும் சேர்ந்து வரும். அப்படி ஒரு வீட்டுக்கு மூடப் போனபோது, வீட்டுக்கார அண்ணை தண்ணீர் இறைக்கும் பம்பை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, முழுத் தண்ணியையும் இறைச்சுப்போட்டு, உள்ளுக்கை இறங்கித் தேய்ச்சுக் கழுவி, காயவிட்டு மூடுவம்."

"இறைச்சா மதில் நிக்காது அண்ணை. தண்ணிதான் இதைப் பிடிச்சு வைச்சிருக்கு."

"பழுதாப்போற தண்ணியை ஆறு மாதம் ஆரும் வைச்சிருப்பினமே? ஊரிலை கிணறு இறைக்கேல்லையே நாங்கள்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கோடையில் நீர் இறங்கியிருக்கும் நாளில் கிணறு இறைப்பது பெரிய காரியம். ஒருவர் கீழே இறங்கிச் சேறு வாரிக் கடகத்தில் போட, மேலே நிற்பவர்கள் இழுப்பார்கள். தவறி விழுந்த வாளி, செம்பு, சில வீடுகளில் காணாமற்போன சங்கிலிகூட வெளியே வரும். நீரைச் சுத்தமாக்குவது என்றால் நீரை வெளியேற்றுவது என்று படித்த கைகள் எங்களுடையவை. கிணற்றைச் சுற்றி நிலம் நிற்கிறது, இறைத்தாலும் இடியாது. இந்தத் தடாகத்தைச் சுற்றிக் காற்றுத்தான் நிற்கிறது. நீர் போனால் தகட்டை இறுக்கிப் பிடிக்க எதுவுமில்லை. நவம்பர்க் காற்று ஒன்று போதும். குளிரில் வெறுமையாகக் கிடக்கும் வினைலும் சுருங்கும், வசந்தத்தில் பழைய அளவுக்கு இழுபடாது, கிழியும். அதோடு, நீரின் அடியில் இருக்கும் நிலம் வெறும் நிலத்தைப்போல ஆழமாக உறையாது. களிமண் வீங்கி அடித்தளத்தைத் தூக்காமல் இருப்பதற்கும் அந்த ஐம்பது தொன் நீரே காவல். இதையெல்லாம் சொல்லியும் அண்ணை பாதி மனதோடுதான் சம்மதித்தார். பம்பின் வாடகை வீணாய்ப்போனது அவருக்குப் பெரிய கவலை.

மூடும் வேலைக்கு முதல் நாளே தொடக்கம். அடியில் கிடக்கும் இலைகளை அள்ளி, சுவரைத் தேய்த்து, வக்கியூம் பிடிக்கவேண்டும். மேப்பிள் இலையை ஆறு மாதம் நீரில் ஊறவிட்டால் தேயிலைச் சாயம் மாதிரி இறங்கி வினைலில் கறை பிடிக்கும். எதைப் போட்டாலும் போகாது. நீரின் பிஎச் 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிற்கவேண்டும். பிறகு குளோரினை அள்ளிப் போட்டு ஓர் இரவு சுற்றவிட்டு, அது இறங்கியபின்தான் பாசி கொல்லும் மருந்து. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் மருந்தைத் தின்றுவிடும். அவசரப்பட்ட நிறுவனங்கள் ஒன்றாகவே ஊற்றிவிட்டுப் போகும். மே மாதத்தில் கவரைத் தூக்கினால் பச்சைக் குளம். குளோரின் தடாகத்துக்கு வந்ததே ஒரு மாணவரால்: 1910 வாக்கில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார்கள். அதற்கு முன் தடாகத்தைச் சுத்தமாக்குவதற்குப் பொதுவான வழி, வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ நீரை வெளியேற்றுவதுதான். குளோரின் இல்லாமல் நீரோடு மூடும் வழக்கம் வந்தேயிருக்காது. புரோசார் அண்ணையின் யோசனை ஒரு காலத்தில் உலகத்தின் யோசனை.

இரண்டாம் நாள் இரும்பு வேலை. நீரின் மேற்பரப்பை உறிஞ்சும் வாய்க்குக் கீழே நாலைந்து அங்குலம்வரை நீரைக் குறைத்து, ஹோஸ்களைக் கழற்றி, துளைகளுக்கு அடைப்பான் போடுவோம். மணல் பில்ரரின் அடியில் ஒரு சின்ன வடிகால் மூடி இருக்கும். அதைக் கழற்ற மறந்தால் உள்ளே தேங்கிய நீர் உறைந்து தொட்டியைப் பிளக்கும். நீர் பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கிறது. அதற்கு முன்னால் பிளாஸ்ரிக்கோ வார்ப்பிரும்போ நிற்காது. கழற்றிய மூடிகள், மரைகள், வளையங்கள் எல்லாவற்றையும் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டு மூடுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். மிக நல்ல வழக்கம். பம்பு நிலவறையில் எங்கே இருந்தாலும் அதன் உறுப்புகள் அதன் வயிற்றுக்குள் இருக்கும். இப்படிச் செய்யாத வீடுகளில் மே மாதத்தில் ஒரு சதம் பெறாத மூடிக்காகக் கடை கடையாக அலைந்திருக்கிறோம்.

பிறகு தலையணை. காற்று நிரப்பிய நாலடிச் சதுர வினைல் பை ஒன்றைத் தடாகத்தின் நடுவில் மிதக்கவிட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, அதன்மேல் கவரை விரிப்பது. பனிக்கட்டி பெருக்கும்போது மதிலைத் தள்ளாமல் இந்தப் பையை நசுக்கும் என்பது விளக்கம். இதன் மூதாதை மரக்குற்றி. சீமெந்துத் தடாகக்காரர் முன்பு குற்றிகளை மிதக்கவிட்டார்கள். தலையணையை முக்கால்வாசி ஊதினால் போதும், இறுக ஊதினால் முதல் உறைவிலேயே வெடிக்கும். உண்மையைச் சொன்னால் இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மார்கழி வருமுன் பாதிப் பைகள் கயிறறுந்து ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்; தடாகத்துக்கு ஒன்றும் நடப்பதில்லை. மதிலைச் சாய்ப்பது பனிக்கட்டி பெருப்பதல்ல, அது தொங்குவது. எங்கேயோ ஊசித்துளையில் நீர் கசிந்து மட்டம் இறங்கினால், அடிக் கணக்கில் தடித்த பனிக்கட்டித் தட்டு கீழே தாங்கலின்றி வினைலிலும் மதிலிலும் தொங்கும். ஒரு மார்ச் மாதத்தில் லோங்கேயில் ஒரு பின்வளவைப் பார்த்தேன். மதில் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடந்தது. பனிக்கட்டித் தட்டு சரிந்து, அதன் விளிம்பில் கிழிந்த வினைல் நீலமாய் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் சன்னலுக்குள் நின்று காப்புறுதிக் கம்பனியோடு தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கவர் கட்டுவதுதான் கடைசி. விளிம்புத் துளைகளூடாக உருக்குக் கம்பியைக் கோத்துச் சுற்றிவந்து முறுக்கியால் இறுக்குவோம். காற்று கவரின் கீழ் புகுந்தால் ஓர் இரவில் கிழித்துவிடும் என்பதால் அதன்மேல் அகலமான பிளாஸ்ரிக் சுருளையும் மதிலோடு சுற்றினோம். கவரின் மேல் தேங்கும் மழைநீரை இறைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கவரில் ஓட்டை இல்லையென்றால் இறைக்கலாம். இருந்தால், மேலே இறைக்க இறைக்க உள்ளேயிருந்து ஊறிவரும். மாலைக்குள் தடாகமே வெறுமையாகிவிடும்.

1998 ஜனவரி 5ஆம் திகதி தொடங்கி ஐந்தாறு நாள் மொன்றியலைச் சுற்றி உறைமழை பெய்தது. முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். ஆற்றுக்குத் தெற்கே சில ஊர்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வெளிச்சம் வந்தது. சாய்ந்த மின்கோபுரங்களின் படங்கள் உலகமெல்லாம் போயின. அந்த வசந்தத்தில் நாங்கள் கண்டது வேறொரு கணக்கு. கவர்கள்மேல் பனியல்ல, கெட்டியான பனிக்கட்டி படிந்து, கம்பி இழுத்த இழுவையில் மேல்விளிம்புத் தகடுகள் உள்நோக்கி வளைந்திருந்தன. முறிந்த மேப்பிள் கிளைகள் கவரைக் குத்தி இறங்கியிருந்தன. ஆனால் நீர் நிறைய நின்ற தடாகங்களின் மதில் அனேகமாகத் தப்பியிருந்தது. தகட்டைத் தட்டி நிமிர்த்தி, விளிம்பை மாற்றி, அந்தக் கோடையே பிள்ளைகள் இறங்கினார்கள்.

மூன்றாவது பதில் முதலாவதன் மறுபிறப்பு. 2000க்குப் பிறகு பெருங்கடைகளில் பெட்டிக்குள் அடைத்த தடாகங்கள் குவிந்தன. இன்ரெக்ஸ், பெஸ்ற்வே என்று சீனத் தொழிற்சாலைகளில் செய்தவை. மேல்வளையத்தில் காற்றடித்தால் நீர் ஏற ஏறத் தானே எழும்பும், அல்லது குழாய்ச் சட்டத்தில் தொங்கும். தகடும் இல்லை, மைத்துனர்மாரும் தேவையில்லை. கோடை முடிய மடித்து வைப்பதே பெட்டியில் எழுதிய வழி. மடித்து வைப்பதைத்தான் யாரும் சரியாகச் செய்வதில்லை. நீரை விடுமுன் ஒரு வாரம் குளோரின் போடாமல் வெயிலில் விடவேண்டும். குளோரின் நீரைத் தெரு வடிகாலில் ஊற்றினால் அது ஆற்றுக்குப் போகும் என்று பல நகரசபைகள் தடுக்கின்றன. பிறகு இரண்டு பக்கமும் துடைத்து, மடிப்புகளுக்குள் ஈரம் இல்லாமல் உலர்த்தி, குழந்தைப் பவுடர் தூவி, தளர்வாக மடித்து, மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, வீட்டுக்குள், உறைநிலைக்கு மேல் இருக்கும் இடத்தில் வைக்கவேண்டும். கார்க்கொட்டிலில் வெறும் மட்டைப் பெட்டியில் வைத்தால் எலிக்குக் கூடு. குளிரில் விறைத்ததை ஏப்ரலில் அவசரமாக விரித்தால் மடிப்பு வழியே வெடிக்கும். ஒக்டோபரில் உலர்த்த வெயில் எங்கே? அதனால் பாதிப்பேர் ஈரத்தோடு சுருட்டுகிறார்கள், அடுத்த ஆண்டு பூஞ்சணத்தைக் கண்டு எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். முதலாளியின் தகப்பன் கட்டிலுக்குக் கீழே வைத்த தடாகம் எத்தனையோ கோடை உழைத்தது.

சட்டமும் வந்து சேர்ந்தது. சிறு பிள்ளைகள் மூழ்கி இறப்பதைத் தடுக்க 2010இல் கியூபெக் ஒரு விதி கொண்டுவந்தது. விறைத்த மதிலுள்ள தடாகம் 1.2 மீற்றர் உயரமாக இருந்தால் மதிலே வேலியாகக் கொள்ளப்படும். மென்மதில் தடாகத்துக்கு 1.4 மீற்றர் வேண்டும். அதற்குக் குறைந்தால் சுற்றிவரத் தானாக மூடும் கதவோடு வேலி. 2010க்கு முந்திய தடாகங்களுக்கு முதலில் விலக்கு இருந்தது. 2021இல் அதையும் எடுத்துவிட்டார்கள். காலக்கெடுவை ஒருமுறை நீட்டி 2025 செப்டெம்பர் 30 என்று வைத்தார்கள். இதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஏணியைக் கழற்ற மறந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன், அந்த வீடுகளில் தவழும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். ஆனால் பெட்டித் தடாகத்தைவிட அதைச் சுற்றிய வேலி பல மடங்கு விலை. ஏழை வீட்டுத் தடாகம்தான் முதலில் போகிறது.

இப்போது இலையுதிர்காலத்தில் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது எப்படி மூடுவது என்று அல்ல, எப்படிக் கழற்றி எறிவது என்று. தகட்டு மதிலைப் பழைய இரும்பு எடுப்பவர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். பம்பை யாராவது வாங்குவார்கள். வினைலை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அதை மத்தியானத்தில், வெயில் பட்டு மெதுவாக இருக்கும்போதே, வளைந்த கத்தியால் ஒன்றரை அடி அகலக் கீலங்களாக வெட்டிச் சுருட்டிக் குப்பைநாளுக்குக் கட்டி வைக்கவேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அடியில் எப்போதும் கறுத்த சேறு இருக்கும்.